இரண்டாம் பாதியில் வேறு குரல்

சித்திக்கு இழுப்பு உண்டு. பெயிண்ட் வாசனை ஆகவே ஆகாது. வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்த அன்றைக்கே சித்தப்பா அவளைப் பையும் கையுமாகக் கிளப்பி, அக்கா மகள் வீட்டில் கொண்டுவந்து விட்டார். வேலை முடிந்து வாசனை அடங்கும்வரை இங்கேயே இருக்கட்டும் என்றார். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, மாப்பிள்ளை காதில் விழும்படி, அந்தப் பின்கட்டு அறைக்குள் மட்டும் போய் மாட்டிக்கொள்ளாதே என்று எச்சரித்தார். அவர் ஏற்கெனவே ஒரு முறை மாட்டி, உட்கார்ந்ததுமே தூங்கிப்போனவர்.

அக்கா மகளை வீட்டில் எல்லோரும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். மருந்துக்கடை கவுன்ட்டரில் நின்று டாக்டர்களின் கிறுக்கல்களையெல்லாம் தப்பில்லாமல் படிக்கிற வயதாகியும் பாப்பாதான். அவள் கணவர் பல்செட் செய்கிறவர். டாக்டர்கள் வாயை அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் தன் லேபில் குனிந்து உட்கார்ந்து மெழுகில் பல் வரிசை கட்டுவார். பகலெல்லாம் யார் யாருடைய வாயோடோ மல்லுக்கட்டிவிட்டு வருகிறவருக்கு மாலையில் ஒரே இன்பம், அந்தப் பின்கட்டு அறை.

முன்பு அது துணி காயப்போடுகிற அறை. இப்போது ஜன்னலுக்குக் கனத்த கறுப்புத் துணி. சுவரை அடைத்துக்கொண்டு வெள்ளைத் திரை, கூரையில் புரொஜெக்டர். திரைக்குக் கீழே படுக்கைவசத்தில் ஒரு ஸ்பீக்கர், இரண்டு பக்கமும் மார்பு உயரத்துக்கு இரண்டு, பார்க்கிறவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு, மூலையில் ட்ரங்க் பெட்டி மாதிரி ஒரு சப்வூஃபர். அதன் மேல் பாப்பா மடித்த துணியை வைப்பாள். அவர் எடுத்துக் கட்டிலில் போடுவார். மறுநாள் துணி மறுபடி அங்கே இருக்கும். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அறையின் நடுவில் ஒரு சாய்வு நாற்காலி. எல்லா ஸ்பீக்கரின் சத்தமும் சரிசமமாக வந்து சேருகிற இடம் அதுதான் என்று மாப்பிள்ளை அளந்து, நான்கு கால்களுக்கும் தரையில் டேப் ஒட்டி வைத்திருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த நாற்காலியில் உட்கார்த்திவிடுவார். போடுகிற படமும் ஒன்றேதான். ‘ஏழாம் கிடங்கு.’ தியேட்டருக்கு வந்த சுவடு தெரியாமல் ஓடிப்போன படம். துறைமுகம், தங்கக் கடத்தல், துப்பாக்கி, துரத்தல். காலேஜில் படிக்கும்போது காலியான தியேட்டரில் அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்த மாப்பிள்ளை, இன்றுவரை அதிலிருந்து வெளியே வரவில்லை. அந்தப் படத்துக்கு இழைக்கப்பட்ட அநியாயத்தைப் பற்றிப் பேசுவதற்கென்றே போனில் ஒரு குழு வைத்திருந்தார். அவரைப் போலவே இன்னும் கொஞ்சம் பேர் அங்கே இருந்தார்கள்.

"முதல் பாதி எனக்கு மனப்பாடம் சித்தி. இரண்டாம் பாதி எப்படி இருக்கும்னு தெரியாது, தூங்கிடுவேன்" என்றாள் பாப்பா.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் மாப்பிள்ளை தயங்கித் தயங்கி வந்து கேட்டார். போட்ட சோற்றைத் தின்றுவிட்டு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சித்தி போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

விளக்கு அணைந்தது. முதலில் முதுகுக்குப் பின்னால் ஒரு கப்பல் ஊதியது. சித்தி திரும்பிப் பார்த்தாள். மாப்பிள்ளை பெருமையோடு சிரித்தார். திரையில் துறைமுகத்து ஒயர்லெஸ் அறை. ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்து மைக்கில் பேசினாள்.

"வடக்கு முனை, வடக்கு முனை. கேக்குதா? நான் இன்னும் இங்கதான் இருக்கேன்."

அறைக்குள் வேறு யாரோ வந்து பேசுகிறார்கள் என்றுதான் சித்தி முதலில் நினைத்தாள். தெரிந்த குரலாக இருந்தது. யார் என்று பிடிபடவில்லை. அக்காவா? அக்கா இப்படி நிறுத்திப் பேசமாட்டாள். அந்தப் பெண் அடுத்த வாக்கியத்தை ஆரம்பிப்பதற்கு முன் மெல்ல ஒரு மூச்சை இழுத்தாள்; இழுப்புக்காரர்கள் இழுக்கிற மாதிரி, கடைசியில் சின்னதாக ஒரு கீச்சு. சித்தியின் கை தானாக நெஞ்சுக்குப் போனது. அந்த மூச்சு அவளுடையது.

கல்யாணத்துக்கு முன்பும் பின்னால் சில வருஷங்களும் சித்தி டப்பிங் பேசியவள். பெரும்பாலும் நர்ஸ், பக்கத்து வீட்டுக்காரி, கும்பலில் அழுகிற பெண். கதாநாயகிக்குப் பேசியது ரொம்பக் குறைவு. இருட்டறையில் மைக் முன்னால் நிற்க வேண்டும். எதிரே திரையில் துண்டு துண்டாகப் படம் ஓடும். முதல் நாளே கடைசிக் காட்சி வரும், மறுநாள் நடுவிலிருந்து ஒன்று வரும். டைரக்டர் பயந்து பேசு, சிரிக்காமல் பேசு என்று சொல்வார். அந்த உதடுகளுக்குத் தன் பேச்சைப் பொருத்துவதுதான் வேலை. கதை என்ன என்று இவளும் கேட்டதில்லை, யாரும் சொன்னதும் இல்லை. பிறகு கூப்பிடுவது குறைந்தது, நின்றது. ஒரு ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தாள். சினிமாவில் பேசியதை அவளே மறந்த மாதிரிதான்.

இந்தப் படத்துக்குப் பேசும்போது அதற்கு வேறு பெயர். அதனால் போஸ்டரைப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. இப்போது அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க ஞாபகம் வந்தது. ஒவ்வொரு வாக்கியமும் வெளியே வருவதற்குக் கொஞ்சம் முன்னால் சித்தியின் வாயில் வந்து நின்றது. துப்பாக்கிக் குண்டுகள் முன்னாலிருந்து காதோரமாகப் பறந்து பின்சுவரில் போய்ப் பதிந்தன. டீ கிளாஸ் மேஜையில் நடுங்கியது. அவளுக்கு அதெல்லாம் உறைக்கவில்லை.

இடைவேளைக்கு முன் ஏழாம் கிடங்கில் தீப்பிடிக்கிறது. ஒயர்லெஸ்காரி அதற்குள் ஓடுகிறாள். அவளைக் காதலிக்கிற சுங்க அதிகாரி வெளியே நின்று கத்துகிறான். கதவு மூடிக்கொள்கிறது. அங்கே படத்தை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை விளக்கைப் போட்டார்.

"மாப்பிள்ளை, அந்தப் பொண்ணு பேசறது நான்" என்றாள் சித்தி.

"நீங்க எங்க பேசினீங்க அத்தை? வாயே திறக்கலையே."

"இங்க இல்ல. படத்துல. அந்தப் பொண்ணுக்குக் குரல் கொடுத்தது நான்தான்."

மாப்பிள்ளை கையில் ரிமோட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு பாப்பாவைக் கூப்பிட்டார். அவள் ஈரக் கையோடு வந்து, ஆமாம், சித்தி சினிமாவில் பேசியிருக்கிறாள், கல்யாணத்தின்போதே சொன்னேனே, ஆனால் இத்தனை தடவை கேட்டும் இது அவள் குரல் என்று எனக்கே தோன்றவில்லை என்றாள். சொல்லவே இல்லை என்றார் அவர். சொன்ன ஞாபகம் என்றாள். அவர் அதற்கு மேல் அவளோடு வாதாடவில்லை. சித்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாள் தூரத்து அறையில் ஒயர்லெஸ்ஸில் பேசியவள் நேரில் வந்து தன் வீட்டுச் சாம்பல் நிற நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை அவரால் நம்ப முடியவில்லை. ஏதேதோ கேட்க வாயெடுத்து, எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு, முதலில் இரண்டாம் பாதியைப் பாருங்கள், பிறகு கேட்கிறேன் என்றார்.

இரண்டாம் பாதி ஆரம்பித்தது. புகைக்குள்ளிருந்து ஒயர்லெஸ்காரி நடந்து வந்தாள். அதே முகம், அதே நீலச் சட்டை. வாயைத் திறந்தாள்.

வந்தது வேறு குரல்.

தடித்த, அலட்சியமான குரல். வாக்கியத்தின் கடைசியில் லேசாக ஒரு இளிப்பு. சித்தி நாற்காலியில் நிமிர்ந்தாள். ஒருவேளை இந்தக் காட்சிக்கு மட்டும் இப்படியோ என்று அடுத்த காட்சிக்குக் காத்திருந்தாள். அதிலும் அதே குரல். அடுத்ததிலும். ஒயர்லெஸ்காரி கிடங்கு முதலாளியின் பக்கம் சேர்ந்துவிட்டாள், அதிகாரியைக் காட்டிக்கொடுத்தாள், அவன் நண்பனைச் சுட்டாள். கடைசியில் கிரேனுக்கு அடியில் தண்டவாளத்தில் அவளும் அதிகாரியும் எதிரெதிரே நிற்கிறார்கள். அவன் துப்பாக்கியை உயர்த்துகிறான்.

"நான் யாருன்னு உனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அவன் சுட்டான். வெடிச் சத்தத்தில் அறைக் கதவு அதிர்ந்தது. மாப்பிள்ளை வழக்கம்போலக் கை தட்டினார்.

படம் முடிந்ததும் அவர் தன் கட்சியை எடுத்து வைத்தார். தீக்குள் போனவள் வேறு, வெளியே வந்தவள் வேறு. உண்மையான ஒயர்லெஸ்காரி கிடங்கிலேயே செத்துவிட்டாள். அவளைப் போல ஜோடிக்கப்பட்ட முதலாளியின் ஆள்தான் வெளியே வருகிறாள். டைரக்டர் இதை எங்கேயும் வாய்விட்டுச் சொல்லவில்லை, குரலை மட்டும் மாற்றி வைத்தார். சாதாரண டிவியில் அந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. இந்த மாதிரி ஸ்பீக்கரில்தான் பிடிபடும். கடைசியில் அவளே ஒப்புக்கொள்கிறாள், நான் யாரென்று உனக்குத் தெரியாது என்று. ஜனங்களுக்குப் புரியவில்லை, படம் போய்விட்டது.

"இந்த ரகசியம் உங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும். அதுக்குத்தானே உங்களைப் பாதியோட நிறுத்தினாங்க" என்றார்.

சித்தி வெற்றுத் திரையிலிருந்து அவர் பக்கம் திரும்பினாள்.

"என்னை நிறுத்தல மாப்பிள்ளை. நான் முழுப் படமும் பேசினேன்."

"இல்ல அத்தை, அது வேற குரல்."

"அது வேற குரல்தான். ஆனா நான் பேசினேன். அந்தக் கிரேன் சீன் பேசிட்டுத் தொண்டை கட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்தேன். உங்க மாமா வெந்நீர் வச்சுக் கொடுத்தார்."

"அப்ப அது எங்க போச்சு?"

அதுதான் அவளுக்கும் தெரியவில்லை.

அன்று முழுவதும் அவளுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. பாப்பா கேட்டதற்கெல்லாம் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாள். அவள் பேசியது நன்றாக இல்லை என்று தூக்கிவிட்டார்களா? அன்றைக்கு டைரக்டர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாரே. அது ஒப்புக்கா? இந்தப் படத்துக்குப் பிறகுதான் கூப்பிடுவது நின்றது என்பது இப்போதுதான் உறைத்தது. கல்யாணமாகிவிட்டது, வயதாகிவிட்டது, புதிய பெண்கள் வந்துவிட்டார்கள் என்று தானாக ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது காரணமே இல்லையோ? ஒரு படத்தின் பாதி வேறு குரலோடு இத்தனை வருஷமாக அவளுக்குத் தெரியாமலே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அந்த நாளில் சவுண்ட் பதிவு செய்தவரை எல்லோரும் கண்ணாடி அண்ணன் என்பார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததாலா, மூக்கில் தடித்த கண்ணாடி போட்டிருந்ததாலா என்று யாருக்கும் நிச்சயமில்லை. இப்போது காது மெஷின் கடை வைத்திருக்கிறார். மாமனாருக்கு மெஷின் வாங்கப் போனபோது சித்தி அவரைப் பார்த்திருக்கிறாள், நம்பரும் வாங்கியிருக்கிறாள். மறுநாள் பாப்பாவும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போனதும் பால்கனியில் நின்று அவரைக் கூப்பிட்டாள்.

"கேக்குதா?" என்றார் எடுத்தவுடன்.

"கேக்குது அண்ணா. நான்தான் பேசறேன்."

"இப்பக் கேக்குதா?"

"நல்லாக் கேக்குது."

"உன்னை இல்லம்மா. கஸ்டமருக்கு மெஷின் மாட்டியிருக்கேன். நீ சொல்லு."

அவள் சொன்னாள். அவருக்குப் படம் உடனே ஞாபகம் வந்தது. அடடே என்று ஆரம்பித்து, பணம் போட்டவர்கள் படத்தைப் போட்டுப் பார்த்த கதையைச் சொன்னார். கடைசியில் அந்தப் பெண்ணைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, ஹீரோ பாவப்பட்ட பெண்ணைச் சுட்டால் ஜனங்கள் எப்படி ஏற்பார்கள், அவளை மோசமானவளாக ஆக்குங்கள் என்றார்களாம். மறுபடி படமெடுக்க முடியாது. குரலையாவது மாற்றுவோம் என்று வேறு ஒருவரைக் கூப்பிட்டு இரண்டாம் பாதியைப் பேச வைத்தார்கள்.

சித்திக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. அப்படியானால் நான் பேசியது மோசமில்லையே அண்ணா என்று கேட்டாள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, இரு இரு, அது வேறு படமாயிற்றே என்றார். இந்தப் படத்தில் நடந்தது வேறு. கம்ப்யூட்டர் கெட்டு இரண்டாம் பாதி மொத்தமாக அழிந்துபோயிற்று. ரிலீஸ் தேதி போஸ்டரில் அச்சாகிவிட்டது. அவளைத் தேடி ஆள் அனுப்பினார்கள். வீடு மாறிப் போய்விட்டதாக வந்து சொன்னான். வேறு வழியில்லாமல் கையில் கிடைத்தவரைப் பேச வைத்தார்கள்.

வீடு மாறினது நிஜந்தான் என்றாள் சித்தி. ஆனால் போன் நம்பர் மாறவில்லையே, ஒரு போன் பண்ணியிருக்கலாமே.

"அப்படியா? நம்பர் மாறலையா?" என்றார் அவர். "அப்ப முதல்ல சொன்னதுதானோ என்னவோ. எனக்கே குழப்புது போ. டைரக்டரைக் கேக்கலாம்னா ஆள் எங்க இருக்கார்னே யாருக்கும் தெரியல." பிறகு அந்தப் பக்கம் திரும்பி, கேக்குதா என்றார்.

சித்தி இதையெல்லாம் மாலையில் மாப்பிள்ளையிடம் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே வந்து, கம்ப்யூட்டர் கெட்டது என்கிற இடத்தில் எழுந்துவிட்டார். கம்ப்யூட்டர் கெட்டதற்கு அவர் இத்தனை காலம் அர்த்தம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாரா? குழுவில் எத்தனை பேரை மடக்கியிருக்கிறார், எத்தனை இரவு தூக்கம் கெட்டிருக்கிறார். கொஞ்ச நேரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்து, ஒருவர் முதல் பாதி, இன்னொருவர் இரண்டாம் பாதி, ஆக இரண்டு பெண்கள்தானே, நான் சொன்னதும் அதுதானே என்றார். சொல்லும்போதே அவருக்கு அது நொண்டியாகத் தெரிந்திருக்க வேண்டும். குழுவில் ஒன்றும் எழுதவில்லை. அந்த வாரம் லேபில் ஒருவருக்கு மேல்வரிசைப் பல் ஒரு நிறமும் கீழ்வரிசை ஒரு நிறமுமாகப் போட்டு, டாக்டர் திருப்பி அனுப்பினார். இதுவரை அப்படி நடந்ததே இல்லை என்று பாப்பா சித்தியிடம் ரகசியமாகச் சொன்னாள்.

யோசனை பாப்பாவுடையதுதான். காய் நறுக்கிக்கொண்டே, சித்தி எப்படிப் பேசினாள் என்று தெரிந்தால் தீர்ந்தது, பேசிக் காட்டச் சொல்லுங்களேன் என்றாள். மாப்பிள்ளைக்கு அது பளிச்சென்று பட்டது. பேச்செல்லாம் திரைக்குக் கீழே இருக்கிற அந்த நடு ஸ்பீக்கரில்தான் வருகிறது. அதன் ஒயரைக் கழற்றிவிட்டால் பேச்சு போய்விடும். துப்பாக்கி, கடல், இசை எல்லாம் மற்ற ஸ்பீக்கர்களில் இருக்கும். சித்தி ஒயர்லெஸ்காரிக்குப் பேசட்டும். மற்ற அத்தனை பேருக்கும் தான் பேசுவதாகச் சொன்னார். அவருக்கு ஒவ்வொரு வசனமும் தலைகீழ்ப் பாடம்.

சித்தி முடியாது என்றாள். குரல் போய்விட்டது, வசனம் மறந்துவிட்டது, இழுப்பு வேறு. அதைச் சொல்லிவிட்டு ராத்திரி தூங்கவில்லை. காலையில் வந்து, ஒரு தடவை வேண்டுமானால் பார்க்கலாம் என்றாள்.

அடுத்த ஞாயிறு மதியம் மூவரும் உள்ளே போனார்கள். மாப்பிள்ளை அவசரத்தில் ஒயரைத் தப்பாக உருவிவிட, இசை போய், பேச்சு மட்டும் மொட்டையாக நின்றது. அதைச் சரிசெய்து இரண்டாம் பாதியை ஆரம்பித்தால், முதல் காட்சியில் அவர் அதிகாரியாகவும் முதலாளியாகவும் மாறி மாறிப் பேசியதில் யார் யாரை மிரட்டுகிறார்கள் என்று பாப்பாவுக்கு விளங்கவில்லை. சிரிப்பை அடக்க முடியாமல் வாயில் துணியை வைத்துக்கொண்டாள். அவர் முறைத்தார். மறுபடி முதலிலிருந்து போட்டார்.

சித்தி நாற்காலியில் உட்காரவில்லை. அதன் பின்னால் நின்றாள். நின்றுதான் அவளுக்குப் பேச வரும். புகைக்குள்ளிருந்து ஒயர்லெஸ்காரி நடந்து வந்தாள். உதடு பிரிந்தது. சித்திக்கு வசனம் மறந்துதான் இருந்தது. ஆனால் அந்த வாய் அசைந்ததும் சொல் தானாக வந்து அதில் உட்கார்ந்தது.

குரலில் இப்போது வயது ஏறியிருந்தது. ஆனாலும் அதே பெண்தான். முதல் பாதியில் வடக்கு முனையைக் கூப்பிட்டவள்தான், அதே மூச்சோடு, தீக்குள் போய்விட்டு வெளியே வந்திருந்தாள். பயந்துபோயிருந்தாள். முதலாளியிடம் அவள் பேசுவது அலட்சியமாக இல்லை, உயிருக்கு மன்றாடுவதாக இருந்தது. அதிகாரியைக் காட்டிக்கொடுக்கும்போது வாக்கியத்தை முடிக்க முடியாமல் ஒரு இடத்தில் திக்கியது. நண்பனைச் சுட்டதும் ‘ஐயோ’ என்று தனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். படத்தில் அந்த இடத்தில் அவள் உதடு அப்படித்தான் அசைந்தது. மாப்பிள்ளை அதைக் கவனித்ததே இல்லை. அந்த ‘ஐயோ’வை இன்னொரு குரல் பேசாமல் விட்டிருந்தது.

அவர் தன் வசனங்களை மெதுவாகப் பேச ஆரம்பித்தார். சில இடங்களில் தவறவும் விட்டார். சித்தி அவருக்காகக் காத்திருக்கவில்லை.

கிரேன் காட்சி வந்தது. அதிகாரி துப்பாக்கியை உயர்த்தினான். ஒயர்லெஸ்காரியின் முகம் திரை முழுக்க நின்றது.

"நான் யாருன்னு உனக்குத் தெரியாது" என்றாள் சித்தி. மெல்ல, தலை குனிந்து, என்னை இவ்வளவுதானா நீ தெரிந்துகொண்டாய் என்று கேட்கிறவளைப் போல. திரையில் அவள் உதட்டோரம் துடித்தது. இத்தனை வருஷமாக மாப்பிள்ளை அதைச் சிரிப்பு என்று நினைத்திருந்தார். அது அழுகைக்கு முன்னால் வருகிற துடிப்பு.

அவன் சுட்டான். கதவு அதிர்ந்தது. யாரும் கை தட்டவில்லை.

சித்தி இன்ஹேலரை எடுத்து இழுத்துக்கொண்டாள். பாப்பா கடைசிவரை விழித்திருந்தாள். அவளே அதை உணர்ந்து ஆச்சரியப்பட்ட மாதிரி, "பாவம்ல இந்தப் பொண்ணு?" என்றாள்.

மாப்பிள்ளை எழுந்து விளக்கைப் போடாமல் இருட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

"அப்ப அவ தீயில சாகவே இல்லையா? அவன் சுட்டது அவளையேதானா?"

"எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க மாப்பிள்ளை. பயந்து பேசுன்னாங்க, பேசினேன்."

"அவனுக்கு அது தெரியுமா?"

"தெரியல."

"இதுக்குப் போய் நான் இத்தனை நாளா கை தட்டியிருக்கேன்" என்றார்.

பிறகு, எது சரியான படம் என்று கேட்டார். டைரக்டர் எடுத்தது இதுதான் என்றால் உலகம் பார்த்தது வேறு. உலகம் பார்த்ததுதான் படம் என்றால் இப்போது இந்த அறையில் நடந்தது என்ன? அவர் நேசித்தது அந்தப் புத்திசாலிப் படத்தை. இது புத்திசாலிப் படம் இல்லை. ஒருத்தி பயந்தாள், அதனால் செத்தாள், அவ்வளவுதான். ஆனால் நெஞ்சு இதற்குத்தான் கனக்கிறது. அவருக்கு இரண்டையும் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை, ஒன்றை விடவும் மனம் வரவில்லை. தான் பேசியது மோசமில்லை என்று சித்திக்கு இப்போது தெரிந்தது. ஒருவேளை மோசமில்லை என்பதற்காகவே எடுத்துவிட்டார்களோ? அப்படியானால் அதற்குச் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா?

இரண்டு நாளில் பெயிண்ட் வாசனை அடங்கி, சித்தப்பா வந்து கூட்டிப்போனார். வழியில் எப்படி இருந்தது என்று கேட்டார். படம் பார்த்தேன் என்றாள். எச்சரித்தேனே என்றார்.

மாப்பிள்ளை கடைசியில் குழுவில் எழுதிவிட்டார் என்று பாப்பா போனில் சொன்னாள். சித்தியின் பெயரைப் போடாமல், நடந்ததை மட்டும். அங்கே இப்போது பெரிய ரகளை. பாதிப்பேர் இது கட்டுக்கதை என்கிறார்கள், பாதிப்பேர் சித்தி பேசிய பாதியைக் கேட்க வேண்டும் என்கிறார்கள். ஒருவர் மட்டும், சரி, அந்த இன்னொரு குரல் யாருடையது என்று கேட்டிருக்கிறார்.

சித்தி போனை வைத்தாள். இத்தனை நாள் அவள் அதை யோசிக்கவே இல்லை. அந்தக் குரலை ஒரு திருடியின் குரலைப் போலத்தான் நினைத்திருந்தாள். அதற்கும் ஒரு ஆள் இருக்க வேண்டுமே. அவளும் இருட்டறையில் நின்றுதானே பேசியிருப்பாள்? அவளுக்கும் யாரோ சிரித்துப் பேசு என்றுதானே சொல்லியிருப்பார்கள்?

கண்ணாடி அண்ணனிடம் நம்பர் கிடைத்தது. இது மட்டும் அவருக்குச் சந்தேகமில்லாமல் ஞாபகம் இருந்தது. சித்தி காலையில் ஒரு தடவை எண்ணைப் போட்டுவிட்டு, மணி அடிப்பதற்குள் நிறுத்தினாள். மாலையில் மறுபடி போட்டாள். எடுத்தது மென்மையான, களைத்த குரல். படத்தில் கேட்டதற்கும் இதற்கும் ஒரு ஒட்டுறவும் இல்லை. பின்னால் குக்கர் விசில் கேட்டது.

சித்தி தட்டுத்தடுமாறி ஆரம்பித்தாள். நீங்கள் ரொம்ப நாளைக்கு முன்னால் ஒரு படத்தில் பேசியிருக்கிறீர்கள், துறைமுகக் கதை, இரண்டாம் பாதி மட்டும் என்றாள். ஆமாம், ஒரே நாளில் அவசரமாகப் பேசச் சொன்னார்கள், அப்புறம் எங்கே கூப்பிட்டார்கள், அதோடு சரி என்றது அந்தக் குரல். நீங்கள் யார் என்று கேட்டது.

"முதல் பாதி பேசினது நான்" என்றாள் சித்தி.

அந்தப் பக்கம் அடுப்பைச் சின்னதாக்குகிற சத்தம் கேட்டது.

"அய்யோ, நீங்களா?" என்றாள் அந்தப் பெண். "உங்களுக்கு ரொம்ப உடம்பு சரியில்ல, ஆஸ்பத்திரியில இருக்கீங்க, அதனாலதான் என்னைக் கூப்பிட்டோம்னு சொன்னாங்க. பேசிட்டு வந்து ரெண்டு நாள் எனக்கு மனசே சரியில்ல. போய்ப் பாக்கணும்னு நினைச்சேன், விலாசம் தெரியல. இப்ப உடம்பு எப்படி இருக்கு?"

சித்தி போனை மறு காதுக்கு மாற்றினாள். இப்படி ஒன்று தனக்கு நடந்ததா என்றுகூட ஒரு கணம் யோசித்தாள்.

"இப்பப் பரவாயில்லங்க" என்றாள். "நல்லாத்தான் இருக்கேன்."